தூண்டிலில் வந்த கேள்வி

 

மதரஸாவில் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஒருவனுக்கு மீன் பிடிப்பதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணக் கூடும். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால், சென்ற 2025ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறையில் எங்கள் குடும்பத்தார் ஒன்றுகூடிச் சென்று வந்த ஒரு நாள் பயணம், பல ஆண்டுகளாக நான் பிறருக்குச் சொல்லி வந்த ஒரு பாடத்தை என்னிடமே திருப்பிக் கேட்டுவிட்டது. அந்தக் கேள்வியை எழுப்பியவள் பதினோரு வயதான என் மகள். அன்றிரவு அவளுக்கு என்னால் பதில் கூற இயலவில்லை. இக்கட்டுரையை அவளுக்கான பதிலாகவே எழுதத் தொடங்குகிறேன். உங்கள் இல்லங்களிலும் குழந்தைகள் இருப்பதால், இது உங்களுக்கும் பயன்படக் கூடும்.

நான் பிறந்த ஊர் திண்டிவனம். ஆசிரியப் பணி விழுப்புரத்தில். என் துணைவியாரின் தாய்வீடும் விழுப்புரத்தில்தான். அவருடைய தம்பி வளைகுடா நாடொன்றில் பணிபுரிகிறார். விடுமுறையில் வந்தவர், இந்த முறை அத்தர், போர்வை ஆகியவற்றோடு நீண்ட உறை ஒன்றையும் கொண்டு வந்திருந்தார். பிரித்துப் பார்த்தால், ரீல் பொருத்திய உயர்ந்த ரகத் தூண்டில் கோல்கள் இரண்டு! வெள்ளிக்கிழமைகளில் நண்பர்களோடு கடற்கரைக்குச் சென்று மீன் பிடிப்பது அங்கே அவருக்குப் பழக்கமாகியிருந்தது.

"மச்சான், நம்ம பக்கத்தில் கொடுவா கிடைக்குமா?" என்று கேட்டார்.

கிடைக்காமலா? எங்கள் மாவட்டத்தின் கடலோரம் மரக்காணத்தை ஒட்டியது. திண்டிவனத்திலிருந்து கிழக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அங்கேதான் கழுவெளி இருக்கிறது. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி அது. மழைநீர் ஒரு புறமிருந்தும் கடல்நீர் எடையன்திட்டுக் கழிமுகத்தின் வழியாக மறுபுறமிருந்தும் வந்து அங்கே கலக்கின்றன. 2021 டிசம்பரில் தமிழக அரசு கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஆகவே அங்குள்ள மீனவர்களிடம் முன்கூட்டியே விசாரித்து, சரணாலய எல்லைக்கு வெளியே, கழிமுகத்தின் அருகே ஓரிடத்தைத் தேர்ந்துகொண்டோம்.

அந்தக் கடற்கரைக்கும் விருந்தோம்பலுக்கும் பழைய உறவு உண்டு. கலைக்கல்லூரியில் படித்த நாட்களில் சிறுபாணாற்றுப்படையைப் பயின்றிருக்கிறேன். அதன் தலைவனான நல்லியக்கோடனின் ஊராகிய கிடங்கில், இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதியே. அவன் நாட்டின் கடற்கரைப் பட்டினமான எயிற்பட்டினத்தில், வழிநடந்து வரும் பாணர்களுக்குச் சுட்ட குழல் மீன் கிடைக்கும் என்று அந்நூல் கூறுகிறது. எயிற்பட்டினம் என்பது மரக்காணமே என ஆய்வாளர் கூறுவர். வந்தவருக்கு மீன் கொடுத்த மண் அது!

அத்தாவின் மூங்கில் கோல்

பயணத்தைச் சொல்லுமுன் என் அத்தாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அத்தா சைக்கிளில் துணி மூட்டை கட்டிக் கிராமம் கிராமமாகச் சென்று விற்றவர். மழைக்காலத்தில் வியாபாரம் படுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதே சில நாள் சந்தேகம்தான். அப்போது அத்தா ஒரு மூங்கில் கோலும் மண்புழு வைத்த கொட்டாங்குச்சியுமாக ஏரிக்கரைக்குப் புறப்படுவார். நானும் பின்னால் ஓடுவேன். கெளுத்தியோ கெண்டையோ விராலோ, கிடைப்பதுதான் அன்றைய ஆணம்.

விரால் குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாக நீரின் மேல்மட்டத்தில் நீந்தி வரும். தாயும் தந்தையும் அடியில் நின்று காவல் காக்கும். அக்கூட்டத்தைக் கண்டால் பெரிய விரால் அருகில் இருப்பது உறுதி. மீன்பிடிப்பவருக்கு இதைவிட எளிய வேட்டை இல்லை. ஆனால் அத்தா அவ்விடத்தில் தூண்டில் போட மாட்டார். கோலைச் சுருட்டிக்கொண்டு அடுத்த துறைக்கு நடந்துவிடுவார்.

ஒருநாள் மாலைவரை உட்கார்ந்தும் இரண்டே மீன்கள்தான் அகப்பட்டன. ஒன்று கையளவு கெண்டை. மற்றொன்று விரல் நீள விரால் குட்டி. அத்தா குட்டியை மெல்லக் கழற்றி நீரில் விட்டுவிட்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நமக்கே பசிக்குதே அத்தா! அதை ஏன் விட்டீங்க?" என்று கத்தினேன்.

"நாளைக்கும் நமக்குப் பசிக்கும்ல?" என்றார் அவர். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சொல்லின் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. வயிறு மட்டுமே விளங்கியது.

கழிமுகத்தில் ஒரு நாள்

அன்று ஃபஜ்ரு தொழுகையை முடித்துக்கொண்டு திண்டிவனத்திலிருந்து வேனில் புறப்பட்டோம். என் அம்மா, துணைவியார், மகள், மைத்துனர் குடும்பம் என ஒன்பது பேர். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், எங்கள் பகுதியை வெள்ளக்காடாக்கி ஆறு வாரங்களே ஆகியிருந்தன. வழியெங்கும் ஏரிகள் நிரம்பியிருந்தன. உப்பளங்களில் இன்னும் மழைநீர் நின்றது.

கரையோரப் பனைமரங்களின் நிழலில் பாய் விரித்து அம்மாவை அமரச் செய்தோம். வீச்சுவலை வீசிக்கொண்டிருந்த முதிய மீனவர் ஒருவர் எங்களோடு பேச்சுக் கொடுத்தார். கொடுவா எங்கே ஒதுங்கும், நீரேற்றம் எப்போது என்பதையெல்லாம் அவரே சொல்லிக் கொடுத்தார்.

மைத்துனர் பிளாஸ்டிக் மீனைக் கட்டி வீசினார். அரைமணி நேரத்தில் முதல் கொடுவா! முக்கால் கிலோ இருக்கும். வெள்ளி நிறம், கூன் விழுந்தது போன்ற முதுகு, ஒளி பட்டால் மின்னும் கண்கள். குழந்தைகள் குதித்தார்கள். மைத்துனர் அதைத் தூக்கிப் பிடித்துக் கைப்பேசியில் படம் எடுக்கச் செய்தார். முதலில் தனியாக, பின்னர் பிள்ளைகளோடு, பின்னர் என்னோடு. அதன்பின் நீரில் விட்டுவிட்டார்.

"ஏன் மாமு விட்டுட்டீங்க?" என்றாள் என் மகள்.

"பிடித்து விடுவதுதான் இப்போது நாகரிகம், கண்ணு. மீனும் பிழைக்கும். நமக்கும் மகிழ்ச்சி."

இதே போல மேலும் இரண்டு மீன்கள் வந்தன. படம் பிடிக்கப்பட்டன. விடப்பட்டன. நானும் உற்சாகமாக, "இன்னொன்று பாருங்கள்" என்று தூண்டிக்கொண்டிருந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. சற்று நேரத்தில் கரையோரம் விளையாடிக்கொண்டிருந்த மகள் கூவி அழைத்தாள். மூன்றாவதாக விடப்பட்ட மீன் வயிற்றை மேலே காட்டியபடி மிதந்து வந்துகொண்டிருந்தது. செவுளருகே இரத்தம் கசிந்திருந்தது.

யாரும் பேசவில்லை. பாயில் அமர்ந்திருந்த அம்மாதான் பேசினார். "எடுத்தால் ஆக்கித் தின்னணும். இல்லேன்னா தூண்டிலே போடக் கூடாது. இதென்ன, நடுவில் ஒரு விளையாட்டு?"

மகள் என்னைப் பார்த்தாள். "அத்தா, இதைச் சாப்பிடலாமா? செத்து மிதக்கிற மீனைச் சாப்பிடக் கூடாதுன்னு மதரஸாவில் சொல்லிக் கொடுத்தீங்களே!"

அவள் நினைவு சரியானதே. மீனுக்கு அறுப்பு தேவையில்லை. எனினும் தானாகச் செத்து மிதக்கும் மீனை ஹனஃபி மத்ஹபில் உண்பதில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் அதற்குத் தடையில்லை. ஆனால் இந்த மீன் தானாகச் சாகவில்லையே! எங்கள் தூண்டில் காயத்தால் இறந்தது. வெளிக்காரணத்தால் இறந்த மீன் இரு மத்ஹபுகளிலும் ஆகுமானதே. அதைச் சொன்னேன். அம்மா உடனே, "சின்னதானாலும் அது நம்ம கணக்கில் எழுதின மீன். எடுத்துப் பையில் போடு" என்றார். எடுத்துக்கொண்டோம்.

நாலரைக் கிலோ

அதன்பின் மைத்துனர் சற்று வாடிவிட்டார். அவர் மனம் நோகக் கூடாதே என்று, "சரி, இனிமேல் வருவதை வீட்டுக்கு எடுத்துச் செல்வோம். ஒரு வேளைக்குக் கிடைத்தால் போதும்" என்று சமாதானம் செய்தேன். மீனவப் பெரியவர் உயிருள்ள சிறு மடவை ஒன்றை இரையாகக் கொடுத்தார். அதைக் கோத்து வீசி, கோலை என்னிடம் ஒப்படைத்துவிட்டு மைத்துனர் லுஹர் தொழுகைக்கு ஒளு செய்யப் போனார்.

இங்கேதான் என் தவறு நிகழ்ந்தது. சாப்பாட்டுக்கு எல்லோரும் அழைத்தார்கள். கோலைக் கையில் பிடித்திருக்க வேண்டியவன், மணலில் நட்டுவிட்டுச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கப் போய்விட்டேன். சில நிமிடங்கள்தாம். திரும்பிப் பார்க்கையில் கோல் வில்லாக வளைந்து நின்றது. ஓடிச் சென்று பிடித்தேன். மைத்துனரும் வந்து சேர்ந்தார். கால்மணி நேரப் போராட்டத்துக்குப் பின் கரைக்கு வந்தது ஒரு பெரிய கொடுவா. தராசில் நாலரைக் கிலோ!

எனக்கு உண்டான பெருமிதத்தை என்னென்பேன்! விழுப்புரத்தில் யார் யாரிடம் இதைச் சொல்லலாம் என்ற பட்டியல் மனத்தில் ஓடியது.

மீனவப் பெரியவர் குனிந்து பார்த்தார். "பெரிசு வந்தா பெரும்பாலும் பொட்டைதான், பாய். இது இருந்தா கழி நெறையக் குஞ்சு" என்றார்.

அவர் அனுபவத்தால் சொன்னதை அறிவியலும் ஒப்புகிறது. கொடுவா பொதுவாக ஆணாகவே முதலில் பருவமடைகிறது. சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறுகிறது. கடலை ஒட்டிய முகத்துவாரங்களில் முட்டையிடும். குஞ்சுகள் கழிகளிலும் உவர்நீர் ஏரிகளிலும் வளரும். பெரிய பெண் மீன் ஒன்று பல இலட்சம் முட்டைகளை இடவல்லது. படைத்தவனின் ஏற்பாடு எத்தனை நுட்பமானது! இளமையைக் கடந்து பிழைத்து நிற்கும் மீனிடமே தாய்மையை ஒப்படைத்திருக்கிறான்.

"அப்படியானால் விட்டுவிடலாம் அத்தா!" என்றாள் மகள். "வேண்டாம், ஒன்பது பேருக்கு ஆகும்" என்றார் மைத்துனர். பிறகு இருவருமே என் முகத்தைப் பார்த்தார்கள். "நீங்கள் ஹஜ்ரத். நீங்களே சொல்லுங்கள் மச்சான்."

நான் மீனின் வாயைத் திறந்து பார்த்தேன். முள் உதட்டில் இல்லை. தொண்டைக்கும் கீழே விழுங்கப்பட்டிருந்தது. செவுள் கிழிந்து இரத்தம் வழிந்தது. கையில் கோலைப் பிடித்திருந்தால், மீன் இழுத்த கணமே சுண்டியிருப்பேன். பெரும்பாலும் முள் உதட்டிலேயே தைத்திருக்கும். விட்டிருந்தால் பிழைத்திருக்கும். நான் சோற்றுக்குப் போன சில நிமிடங்களில் அது இரையை முழுவதுமாக விழுங்கிவிட்டது.

"இது இனி பிழைக்காது, பாய்" என்றார் பெரியவர்.

"எடுத்துக்கொள்வோம். தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். இனிமேல் வேண்டாம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அன்றிரவு திண்டிவனத்தில் அம்மாவே அரிவாள்மனையில் அமர்ந்து மீனைத் துண்டு போட்டார். பக்கத்து வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் பங்கு போனது. எஞ்சியது ஆணமாயிற்று. முதலில் செத்த அந்தச் சிறு மீனையும் அம்மா பொரித்து, மைத்துனர் தட்டிலும் என் தட்டிலும் பாதிப் பாதியாக வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் ஒன்றும் சொல்லாமல் உண்டோம்.

மகள் மட்டும் மீனைத் தொடவில்லை. படுக்கப் போகுமுன் கேட்டாள்: "அத்தா, அந்தப் பெரிய மீன் நமக்கு அல்லாஹ் கொடுத்த ரிஸ்க்கா? இல்லை, நீங்க கவனிக்காததால் செத்ததா?"

பதில்

வாசகர்களே! இந்தக் கேள்விக்கு ஆகும், ஆகாது என்ற இரு சொற்களில் பதில் இல்லை.

கடல் உணவு நமக்கு எவ்வளவு தாராளமாக அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்பதற்குத் திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயமே சான்று. இஹ்ராம் உடையில் இருக்கும்போது தரை வேட்டை தடுக்கப்படுகிறது. கடல் வேட்டையோ அப்போதும் ஆகுமாக்கப்படுகிறது. அங்கே அது உணவாகவும் பயணிகளுக்குப் பயனாகவும் சொல்லப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். கேளிக்கைக்கென்று சொல்லப்படவில்லை. உயிருள்ள ஒன்றைக் குறி பார்த்து எய்யும் இலக்காக்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். உண்ணும் நோக்கமின்றி விளையாட்டுக்காக மட்டும் வேட்டையாடுவதை மார்க்க அறிஞர்கள் பலர் வெறுத்துள்ளனர். தூண்டிலில் மாட்டிய மீனின் துடிப்பு நமக்கு விளையாட்டாகலாமா?

என் மைத்துனரைக் குறை கூற இதை எழுதவில்லை. பிடித்ததை விடுவதற்கும் ஒரு நல்ல நோக்கம் உண்டு. அமெரிக்காவில் பாஸ் மீன்பிடிப் போட்டிகளை நடத்தி வந்த ரே ஸ்காட் என்பவர், 1972இல் பிடித்த மீன்களை உயிரோடு திருப்பி விடும் முறையைத் தம் போட்டிகளில் புகுத்தினார். கொன்று குவிப்பதை நிறுத்த அது உதவியது. நம் கொடுவா ஆஸ்திரேலியாவிலும் வாழ்கிறது. அங்குள்ள குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்த கொடுவாவையும் 120 சென்டிமீட்டருக்கு மிகுந்த கொடுவாவையும் வைத்துக்கொள்ளக் கூடாது. குஞ்சுக்கும் தாய்க்கும் பாதுகாப்பு! மாறாக, சுவிட்சர்லாந்து நாட்டின் 2008ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகள், திருப்பி விட்டுவிடும் எண்ணத்தோடே தூண்டில் போடுவதைத் தடை செய்கின்றன. உண்ண நினைத்தால் மட்டுமே பிடி என்பது அவர்கள் கட்டளை.

மேலோட்டமாகப் பார்த்தால் இவ்விரு நாட்டுச் சட்டங்களும் முரண்படுவது போலத் தோன்றும். ஆழ்ந்து பார்த்தால் இரண்டும் என் வீட்டார் சொன்னவையே. ஒன்று அத்தாவின் "நாளைக்கும் பசிக்கும்". மற்றொன்று அம்மாவின் "ஆக்கித் தின்னணும்". நம் நாட்டிலும் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. கடலையே நம்பிப் பிழைக்கும் மீனவ மக்கள், மீனினம் பெருக வேண்டுமென்று இரண்டு மாத வருவாயை இழந்து நிற்கிறார்கள். ஒருநாள் பொழுதுபோக்குக்குச் செல்லும் நமக்குச் சிறு கட்டுப்பாடு கூட இருக்க வேண்டாமா?

ஆகவே, மகளே, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். அந்த மீன் அல்லாஹ் அளித்த ரிஸ்க்தான். அதில் ஐயமில்லை. ஆனால் ரிஸ்க்கைப் பெறும் முறைக்கு நாம் பொறுப்பு. நான் கோலைக் கையில் வைத்திருந்தால், அத்தாய் மீனைப் பார்த்து, வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு நமக்கு இருந்திருக்கும். என் கவனமின்மை அந்த வாய்ப்பைப் பறித்தது. ஆகுமான உணவை உண்டேன். ஆனால் அமானிதத்தில் தவறினேன். இரண்டும் ஒரே தட்டில் இருந்தன.

எங்கள் வீட்டு ஒப்பந்தம்

மறுநாள் காலை, மைத்துனர் ஊர் திரும்புமுன் நாங்கள் அமர்ந்து பேசினோம். தூண்டில் போடுமுன் அன்றைய தேவை எவ்வளவு என்று முடிவு செய்துகொள்வது. அது கிடைத்ததும் சுருட்டிவிடுவது. கோலை ஒருபோதும் கையை விட்டு விடாதது. குஞ்சும் மிகப் பெரியதும் வந்தால், கையை நனைத்துக்கொண்டு பிடித்து, நீரருகிலேயே முள்ளைக் கழற்றி, உடனே விட்டுவிடுவது. உலர்ந்த கை பட்டால் மீனின் உடல் வழவழப்பு போய் நோய் பற்றும். செவுளில் விரல் நுழைத்துத் தூக்கவே கூடாது. பிழைக்காது என்று தெரிந்தால் விடாமல், துடிக்க வைக்காமல் விரைவில் முடித்து எடுத்துக்கொள்வது. படம் பிடிப்பதற்காக ஒரு நொடியும் தாமதிக்காதது. இந்தக் கடைசிச் சொல் மைத்துனர் தாமாகவே சேர்த்தது.

கொடுவா வேண்டுமென்றால் வாங்கவும் வழியுண்டு என்பதையும் சொல்ல வேண்டும். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் கொடுவாவைப் பொரிப்பகத்தில் முட்டையிடச் செய்து குஞ்சு உற்பத்தியில் வெற்றி கண்டது. இன்று வளர்ப்புக் கொடுவாவும் சந்தைக்கு வருகிறது.

சில மாதங்கள் கழித்து ஒரு விடுமுறையில் மகளை மட்டும் அழைத்துக்கொண்டு மீண்டும் அக்கழிமுகத்துக்குச் சென்றேன். கோல் அவள் கையில்தான் இருந்தது. அசர் தொழுகை நேரம் நெருங்கும்வரை ஒன்றும் கடிக்கவில்லை. கடைசியில் ஓர் உள்ளங்கை நீளக் கொடுவா வந்தது. என்னைக் கேட்காமலே கையை நீரில் நனைத்தாள். முள்ளைக் கழற்றினாள். விட்டாள். அது ஒரு கணம் அசையாமல் நின்று, பின்பு வாலை வீசி ஆழத்துக்குப் போயிற்று.

"இன்றைக்கு ஆணத்துக்கு என்ன செய்வது?" என்று கேட்டேன்.

"முருங்கைக்காய் இருக்கு அத்தா" என்றாள்.

வெறுங்கையோடு திண்டிவனம் திரும்பினோம். பசியும் இருந்தது. மனம் மட்டும் நிறைந்திருந்தது.

வாசகர்களே! விடுமுறை நாட்களில் உங்கள் பிள்ளைகளை ஏரிக்கும் ஆற்றுக்கும் கடலுக்கும் அழைத்துச் செல்லுங்கள். தூண்டிலும் போடுங்கள். ஆனால் போடுமுன் ஒரு கணம் நின்று, வருவதை என்ன செய்யப் போகிறோம் என்று அவர்களோடு கலந்து பேசிக்கொள்ளுங்கள். மீன் கரைக்கு வந்தபின் எழும் கேள்விக்கு, சில வேளைகளில் பதில் சொல்லும் வாய்ப்பு நமக்கு இருப்பதில்லை.

கிடைத்ததில் நன்றியையும், எடுப்பதில் அளவையும், எல்லா உயிர்களிடத்தும் இரக்கத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.